கால் கிலோ இறைச்சியும் நாலு ரொட்டியும்: திருமலைக் கொத்து பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மெல்பேர்னில் வாழும் என் தம்பியின் மகள் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். புருஷன், பெண்சாதி இருவரும் வேலைக்குப் போகிற வீடு அது. மாலை ஆறரைக்கு வந்து சேர்ந்தால் ஏழரைக்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். வார நாட்களில் அவள் பெரும்பாலும் செய்வது டாக்கோ. அரைத்த மாட்டிறைச்சியை ஒரு தாச்சியில் போட்டு, வெங்காயம், தக்காளி, சீரகத்தூள், மிளகாய்த்தூள் சேர்த்து வதக்குகிறாள். அதே தாச்சியில் சோளத்தையும் கொட்டிக் கிளறி, மெல்லிய ரொட்டியில் வைத்து மடித்துக் கொடுக்கிறாள். இருபது நிமிட வேலை. கழுவுவதற்கும் ஒரேயொரு தாச்சிதான்.

"மாமி, லீவு நாளையில நாங்க வந்தா தாச்சியில கொத்துப் போட்டுத் தருவீங்களே, அதுதான் இது" என்றாள். பிறகு கேட்டாள்: "இந்த டாக்கோவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் இரிக்கு மாமி. லைப்ரரியில எடுத்து வாசிச்சன். எங்கட கொத்துக்கு அப்படி ஒண்டு இரிக்கா?"

பாடசாலையில் நான் முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவள். பதில் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவள் சொன்ன புத்தகம் ஜெஃப்ரி பில்ச்சர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் எழுதி 2012இல் வெளியான 'பிளானட் டாக்கோ'. மெக்ஸிக்கோவின் வெள்ளிச் சுரங்கங்களில் பாறையைப் பிளப்பதற்காக வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டிச் செருகுவார்களாம். அந்தச் சுருளுக்குப் பெயர் டாக்கோ. சுரங்கத் தொழிலாளிகள் தின்ற ரொட்டிச் சுருளுக்கும் அந்தப் பெயரே வந்திருக்கலாம் என்பது பில்ச்சரின் கருத்து. அரைத்த மாட்டிறைச்சி டாக்கோ அதற்குப் பிந்தியது. அமெரிக்காவில் குடியேறிய மெக்ஸிக்கோக்காரர்கள் அங்கே மலிவாகக் கிடைத்த இறைச்சியையும் பாற்கட்டியையும் கொண்டு அதை ஆக்கிக்கொண்டார்கள். 1962இல் கிளென் பெல் என்பவர் 'டாக்கோ பெல்' கடையைத் தொடங்கியதன் பின்னரே உலகம் அதை அறிந்தது. மெக்ஸிக்கோவின் பியுவெப்லா நகரில் 'அரபு டாக்கோ' என்றும் ஒரு வகை உண்டு. மத்திய கிழக்கிலிருந்து போய்க் குடியேறிய அரபு மொழி பேசும் மக்கள் கொண்டுபோன சுட்ட இறைச்சியும் ரொட்டியும் அங்கே அந்தப் பெயரைப் பெற்றன.

இவ்வளவையும் ஒருவர் தேடி எழுதியிருக்கிறார். நம்மிடம் ஊர் வரலாறுகளுக்குக் குறைவில்லை. பள்ளிவாசல் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, ஸியாரம் யாருடையது, முதல் விதானையார் யார், பாடசாலைக்குக் காணி கொடுத்தவர் யார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பள்ளிவாசலைக் கட்டியவர்கள் அன்றிரவு என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். தொடக்கமாக இருந்தால் போதும்.

கொத்து ரொட்டி இலங்கையின் கிழக்குக் கரையில், 1960களிலும் 70களிலும் உருவான உணவு என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. மட்டக்களப்பும் திருகோணமலையும் அதற்கு உரிமை கோருகின்றன. அந்த வழக்கைத் தீர்க்க நான் முன்வரவில்லை. ஆனால் பிறப்பிடம் எதுவாயினும் பெற்றெடுத்த மொழி எது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கொத்துதல் என்பது தமிழ் வினை. விறகு கொத்துகிறோம், நிலம் கொத்துகிறோம். இன்று இந்தத் தீவின் எந்தச் சிங்கள ஊருக்குப் போனாலும் கடைப் பலகையில் 'கொத்து' என்றே எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட உணவுப் பட்டியல்களிலும் அதே சொல்தான். தமிழ் பேசுகிறவனின் கல்லடுப்பிலிருந்து போனது அது என்பதற்குப் பெயரே சாட்சி. தமிழ்நாட்டின் கொத்துப் புரோட்டாவும் மக்கா, ஜித்தா தொட்டு மலாயா வரை பரவிய முர்தபாவும் இதற்கு நெருங்கிய சொந்தங்கள். முர்தபாவின் மூலமான 'முதப்பக்' என்ற அறபுச் சொல்லுக்கு மடிக்கப்பட்டது என்று பொருள். அவர்கள் மடித்தார்கள், நாம் கொத்தினோம்.

இனி ரொட்டிக்கு வருவோம். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கொத்துக்கு வேண்டிய மா முழுவதும் கடல் வழியாக வந்தது. ஆகவே கொத்தின் வரலாற்றைத் தேடுகிறவர் துறைமுகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அவ்வாண்டிலேயே இலங்கையில் அரிசிக்குக் கூப்பன் முறை வந்தது. சோற்றைத் தவிர வேறெதையும் சாப்பாடென்று கருதாத குடும்பங்கள் கோதுமை மாவுக்குப் பழகத் தொடங்கியது அப்போதுதான். அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களில் ஒன்று எரிந்து அழிந்தது. எஞ்சியவற்றில் பல இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன.

என் வாப்பா அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. யுத்தம் முடிந்த பிறகு டொக்யார்டில் சுமை தூக்கும் வேலைக்குப் போனார். வெள்ளைக்கார மாலுமிகளின் குசினியைப் பற்றி அவர் சொல்லுவார். டின்னில் அடைத்த மாட்டிறைச்சியை ஒரு பெரிய இரும்புத் தாச்சியில் கொட்டி, வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்த்து, கரண்டியின் விளிம்பால் வெட்டி வெட்டிப் பொரிப்பார்களாம். நூறு பேருக்குப் பத்து நிமிடத்தில் சாப்பாடு. நமது ஆட்கள் அதைத் தொடுவதில்லை. அறுத்தது யாரென்று தெரியாத இறைச்சி. ஆனால் மணம் மூக்குக்கு வரத்தானே செய்யும் என்பார் வாப்பா. கொத்து அங்கிருந்துதான் வந்தது என்று நான் வாதாட வரவில்லை. பசியோடு நின்ற ஒரு தொழிலாளி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். நாட்டுக்கு அது பெருமையான நாள். டொக்யார்டை நம்பியிருந்த வீடுகளுக்குக் கூலி போன நாளும் அதுதான். வாப்பா பிறகு லொறியில் மூட்டை ஏற்றினார், விறகு கொத்தினார், கிடைத்ததைச் செய்தார்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது 1966 டிசம்பருக்குப் பிந்திய காலம். ஆளுக்கு வாரம் இரண்டு கொத்து அரிசி கொடுத்துவந்த கூப்பனில், டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் ஒரு கொத்தைக் குறைத்து, மற்றக் கொத்தை இலவசமாக்கியது. கொத்து என்பது இங்கே அளவை. நாலு சுண்டு ஒரு கொத்து. 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தேனும் இரண்டு கொத்து அரிசி கொண்டுவந்து தருவோம் என்று மேடைகளில் முழங்கினார்கள். 1973, 74இல் பாணுக்கு வரிசையில் நின்றோம். "ஒரு கொத்தப் பறிச்சிட்டு மத்தக் கொத்தத் தந்திருக்கான் புள்ள" என்று உம்மா ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி சொல்லுவா. எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. அரிசி குறைந்து மா கூடிய ஆண்டுகளிலேயே கொத்து பரவியது என்பதை, வரலாறு படிப்பிக்கிறவளாக, இன்று நான் வேறு விதமாகவே கேட்கிறேன்.

உம்மா செய்தது கடைக் கொத்து அல்ல. எங்கள் வீட்டில் அப்போது அதற்குப் பெயரும் கிடையாது. காலையில் சுட்ட ரொட்டியில் மிஞ்சியது, மத்தியான ஆணத்தின் அடியில் கிடக்கும் நாலைந்து துண்டு இறைச்சி, ஒரு வெங்காயம், இரண்டு கொச்சிக்காய். இவ்வளவையும் மஃரிபுக்குப் பிறகு ஒரு தாச்சியில் போட்டு அகப்பையால் குத்திக் கிளறுவா. எட்டுப் பேருக்கு அது இராச் சாப்பாடு. இறைச்சித் துண்டுகளை முழுதாகப் பங்கிட்டால் நாலு பேருக்கு வரும், நாலு பேருக்கு வராது. பொடியாகக் கொத்திவிட்டால் எல்லார் வாயிலும் இறைச்சி அகப்படும். யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்று பிள்ளைகள் அடிபட வழியில்லை.

இறைச்சியைக் கொத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கத்தில் மாடு வளர்த்தது தயிருக்கும் உழவுக்கும். இறைச்சிக்கென்று கொழுக்க வைத்த மாடு கிடையாது. காடு மேய்ந்து, வயலில் உழைத்து முதிர்ந்த மாட்டின் இறைச்சி நாராக இருக்கும். பெரிய துண்டாகப் போட்டால் இரண்டு மணி நேரம் விறகு எரிய வேண்டும். குறுக்கே நாரை வெட்டிப் பொடியாக்கினால் பத்து நிமிடத்தில் வதங்கிவிடும். உம்மா இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அவவுக்கு விறகின் விலை தெரியும்.

கடைக்காரன் செய்தது இதையே பெரிய இரும்புத் தட்டில், இரண்டு தகடுகளின் ஓசையோடு செய்ததுதான் என்பது என் எண்ணம். முதல் நாள் மிஞ்சிய வீச்சு ரொட்டி, கறிச் சட்டியின் மிச்சம், முட்டை, லீக்ஸ், கோவா. எதுவும் வீணாகவில்லை. கப்பலில் வேலை முடித்து இரவு பத்து மணிக்கு வருகிறவனுக்கு ஐந்து நிமிடத்தில் சூடான சாப்பாடு. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1979இல் கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது. 1980இல் சிங்கப்பூரின் பிறீமா நிறுவனம் சீனக்குடாவில் மா ஆலையை இயக்கத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய மா ஆலைகளில் ஒன்று அது. அன்று முதல் நாட்டின் கோதுமைக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கு வரத் தொடங்கின. இரவில் துறைமுக வீதியால் நடந்தால் தகடுகளின் ஓசை ஒரு கடையில் ஓயுமுன் அடுத்த கடையில் தொடங்கும்.

அந்த ஓசை அடங்கியது யுத்தத்தில். ஊரடங்குச் சட்டம் வந்தால் இரவுக் கடை ஏது? 1990 ஜூனுக்குப் பிறகு பல நாட்கள் மஃரிப் பாங்கோடு தெரு வெறிச்சோடும். மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. அப்போது கொத்து திரும்பவும் வீட்டுக்குள் வந்தது. ஒரு அடுப்பு, ஒரு தாச்சி, இருட்டுமுன் சமைத்து விளக்கை அணைத்துவிட வேண்டும். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் ஊரை விட்டுக் கந்தளாய்க்கு நடந்து வந்தபோது பாடசாலை முற்றத்தில் நாங்கள் சில பெண்கள் ரொட்டி சுட்டோம். சோற்றுப் பார்சல் போதாத நேரம் அது. சுட்ட ரொட்டியைப் பிய்த்து, கிடைத்த ஆணத்தில் கிளறி, வாழையிலைத் துண்டில் கொடுத்தோம். ஒரு முதியவர் வாங்கிக்கொண்டு, "மகள், இது எங்கட வீட்டுச் சாப்பாடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். எங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு தாச்சிகள் இருந்தன. ஒன்றில்தான் இறைச்சி சமைப்போம். மற்றது சுவரில் ஆணியில் தொங்கும். பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் ஆசிரியையின் குடும்பம். அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள் எங்களோடுதான் விளையாடுவார்கள். மாட்டிறைச்சி பட்ட பாத்திரத்தில் அவர்களுக்குச் சமைக்கக் கூடாது என்பதற்காகவே உம்மா அந்தத் தாச்சியைத் தனியாக வைத்திருந்தா. அவர்களுக்கு முட்டைக் கொத்து அதில்தான். வெள்ளிக்கிழமை என்றால் முட்டையும் கிடையாது, மரக்கறி மட்டும். நாங்கள் ஒரே பாயில் இருந்து, இரண்டு தாச்சிச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். 1990இல் அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போனது. தாச்சி ஆணியிலேயே கிடந்து துருப்பிடித்தது. உம்மா அதை எறியவும் இல்லை, வேறு எதற்கும் எடுக்கவும் இல்லை.

மாட்டிறைச்சி இந்தத் தீவில் எப்போதுமே வெறும் உணவாக இருந்ததில்லை. 1660இல் கொட்டியாரக் குடாவில் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயரான றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், கண்டி இராச்சியத்தில் அது வெறுத்து விலக்கப்பட்ட ஒன்று என்று எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் 1893இல் மாடறுப்புக்கென ஒரு கட்டளைச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்வதற்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. இறக்குமதி செய்த இறைச்சியை உண்ணத் தடையில்லை என்றும் சொல்லப்பட்டது. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அந்த இரண்டாவது தாச்சிதான். அடுத்த வீட்டின் மனம் நோகாமல் சாப்பிடுவது எப்படி என்று என் உம்மாவுக்கு யாரும் சட்டம் போட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பாதைக்காகத் துறையடியில் காத்துக் கிடந்த காலம் போனது. பாலத்தால் இரவிலும் வரலாம், போகலாம். தகடுகளின் ஓசை மீண்டும் கேட்கிறது. பாற்கட்டிக் கொத்து, கோழிக் கொத்து, கடலுணவுக் கொத்து என்று பல வகை வந்துவிட்டது. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது நான் திரும்பவும் உம்மாவின் முறைக்கே வந்தேன். தம்பியின் மகள் கேட்டதற்காக அதை இங்கே எழுதுகிறேன்.

எலும்பில்லாத மாட்டிறைச்சி கால் கிலோ. கடையில் அரைத்தும் தருகிறார்கள். கத்தியால் கொத்தினால் ருசி கூட. தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு ரம்பை, கறிவேப்பிலை, வெட்டிய இரண்டு வெங்காயம், மூன்று பச்சைக் கொச்சிக்காய், இடித்த இஞ்சி, உள்ளி போட்டு வதக்க வேண்டும். பிறகு இறைச்சி, உப்பு, மிளகுதூள், இறைச்சித்தூள். மூடக் கூடாது. மூடினால் நீர் விட்டு அவியும். நீர் வற்றி ஓரம் சிவக்கும் வரை பத்து நிமிடம் கிளறிய பின்னர் ஒரு லீக்ஸ், கொஞ்சம் கோவா, கரட். அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வெறும் இடத்தில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளற வேண்டும். நேற்றைய வீச்சு ரொட்டி நாலை நாடாவாகப் பிய்த்துப் போட்டு, அரைக் கோப்பை ஆணமோ தேங்காய்ப்பாலோ தெளித்து, தட்டைக் கரண்டியின் விளிம்பால் கொத்திக் கிளறினால் முடிந்தது. இறக்கியதும் பாதித் தேசிக்காய். ஐந்து பேர் சாப்பிடலாம். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போகாது. அன்று சுட்ட ரொட்டியைப் போட்டால் களியாகிவிடும். பழைய ரொட்டிதான் ஆணத்தைக் குடித்தும் உடையாமல் நிற்கும்.

வாப்பா மௌத்தாவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒருநாள், கொத்தை முதலில் போட்டது யார் என்று அவரிடம் கேட்டேன். "பசிச்சவன் புள்ள, வேற யாரு?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எழும்பிப் போனேன். எந்தக் கடை, எந்தத் தெரு, எத்தனை சதம், யாரோடு இருந்து சாப்பிட்டீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். மாணவர்களுக்கு மூலாதாரம் பற்றிப் பாடம் நடத்திய எனக்கு, மூலாதாரம் முன்னால் சாய்மனைக் கதிரையில் இருந்தது தெரியவில்லை. அந்தத் தலைமுறையில் இன்னும் சிலர் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஜமாலியாவிலும் இருக்கிறார்கள். இதை வாசிப்பவர்கள் இந்தக் கிழமையே அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டதை எழுதி, இந்தப் பக்கங்களுக்கே அனுப்பலாம்.

போன மாதம் அந்த ஆசிரியையின் இளைய மகள் இருபது வருடங்களுக்குப் பிறகு திருமலைக்கு வந்தவள், வீட்டுக்கும் வந்தாள். துருவைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசி, அந்தத் தாச்சியை அடுப்பில் வைத்தேன். வியாழக்கிழமை ஆனபடியால் முட்டை போடலாமா என்று கேட்டேன். போடலாம் என்றாள்.